ஏழை ஏரியாவுக்குச் சிவப்புச் சாயம் பூசும் ஒரு செயலி: பதினொரு மாதம் பயன்படுத்திப் பார்த்ததில்

ஐந்துக்கு இரண்டு ஸ்டார். அந்த இரண்டும் தொலைந்துபோன நாய்களுக்காக. கிண்டல் இல்லை, இந்தச் செயலியில் உருப்படியாக வேலை செய்கிற விஷயம் அது ஒன்றுதான். எதிர்வீட்டு நாய் கேட்டைத் தாண்டி ஓடிப்போன அன்று படத்தோடு ஒரு பதிவு போட்டேன், இரண்டு மணி நேரத்துக்குள் நாலு தெரு தள்ளி ஒருவர் பிடித்துக் கட்டி வைத்திருப்பதாகப் பதில் வந்துவிட்டது. ஆனால் நான் சந்தா கட்டியது நாய் பிடிக்க இல்லையே.

செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகையில் வருகிற ஏரியா பாதுகாப்புச் செயலிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தவைதான்: ஒரு மேப், அதில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மதிப்பெண், பச்சை ஆரஞ்சு சிவப்பு என்று நிறம், அக்கம்பக்கத்தார் பதிவு போடும் பலகை, வாசல் கேமராவை இணைத்துக்கொள்ளும் வசதி, அப்புறம் நாள் முழுக்க டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கும் நோட்டிஃபிகேஷன். ஒன்றைப் பற்றிச் சொன்னால் மற்றவற்றுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

நான் இதை இறக்கியது புது வீட்டுக்குக் குடிவந்த வாரம். வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய சாலை, அதைத் தாண்டினால் சின்னச் சின்ன வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் குடியிருப்பு. "அந்தப் பக்கம் மட்டும் போகாதீங்க" என்று முதல் நாளே இரண்டு பேர் சொன்னார்கள். ஏன் என்று கேட்டால் இருவரிடமும் சொல்வதற்கு ஒரு சம்பவம்கூட இல்லை. பயம் மட்டும் இருந்தது, அது எனக்கும் ஒட்டிக்கொண்டது. செயலியைத் திறந்தால் எங்கள் பக்கம் பச்சை, 81 மதிப்பெண். சாலைக்கு அந்தப் பக்கம் செக்கச்செவேல், 34. சரி, ஊர் சொல்வது உண்மைதான் போல என்று நானும் நம்பிவிட்டேன்.

மூன்றாவது மாதம் வேலை இல்லாத ஒரு மதியம் உதவிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் மதிப்பெண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். மூன்று விஷயங்களைக் கலந்து போடுகிறார்களாம். காவல்துறைப் பதிவுகள், பயனர்கள் போடும் பதிவுகள், மூன்றாவதாக அந்தப் பகுதியின் "சமூக, பொருளாதாரக் குறியீடுகள்". அதாவது வருமானம், வேலையின்மை, வாடகை வீடுகளின் எண்ணிக்கை, இந்த மாதிரி. ஒரு தெருவில் ஒரு வருடம் முழுக்க ஒரு சின்னத் திருட்டுகூட நடக்காவிட்டாலும் அங்கே இருப்பவர்கள் ஏழைகள் என்றால் மதிப்பெண் ஏறாது. குற்றத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வறுமையைக் காட்டும் மேப் இது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வறுமைக்கும் குற்றத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இருக்கிறது. ஆனால் இந்தச் செயலி காட்டும் திசையில் இல்லை. அமெரிக்காவின் நீதித்துறைப் புள்ளியியல் அமைப்பு 2008 முதல் 2012 வரை கணக்கெடுத்தபோது, வறுமைக்கோட்டிலோ அதற்குக் கீழோ உள்ள குடும்பங்களில் 1,000 பேருக்கு 39.8 என்ற விகிதத்தில் வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். வசதியான குடும்பங்களில் அது 16.9. இரண்டு மடங்குக்கும் மேல். அடி வாங்கியவர்களின் கணக்கு இது, அடித்தவர்களின் கணக்கு இல்லை. அதே ஆய்வில் நகரத்து ஏழை வெள்ளையர்களுக்கும் நகரத்து ஏழைக் கறுப்பினத்தவர்களுக்கும் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்தது. ஆக, சிவப்பு ஏரியாவில் அதிகம் பயப்பட வேண்டியவர்கள் அங்கே குடியிருப்பவர்கள்தான். செயலியோ சாலைக்கு இந்தப் பக்கம் பச்சையில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பயமுறுத்திச் சந்தா வாங்குகிறது.

இந்த மேப் போடும் வேலையும் புதிதல்ல. சிகாகோவில் ஷா, மெக்கே என்ற இரு சமூகவியலாளர்கள் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே சிறார் நீதிமன்றப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, வழக்கில் சிக்கிய பையன்களின் வீடுகளைப் புள்ளி புள்ளியாக நகர வரைபடத்தில் குறித்தார்கள். சில பகுதிகளில் புள்ளிகள் மொய்த்தன. சுவாரசியம் அதற்கப்புறம்தான். பத்து, இருபது வருடங்களில் அந்தப் பகுதிகளில் குடியிருந்த மக்களே மாறிவிட்டார்கள், ஒரு நாட்டிலிருந்து வந்த கூட்டம் கொஞ்சம் காசு சேர்த்து வெளியேற, வேறு நாட்டிலிருந்து வந்த கூட்டம் குடியேறியது. ஆனால் பையன்கள் வழக்கில் சிக்கும் விகிதம் மட்டும் அங்கேயே நின்றது. வெளியேறியவர்களோடு அது போகவில்லை. குறை மனிதர்களிடம் இருந்திருந்தால் மூட்டை முடிச்சோடு அதையும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் அல்லவா? இடத்தில் ஏதோ இருக்கிறது: ஓயாமல் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பது, ஒருவரை ஒருவர் தெரியாமல் போவது, கேட்பாரில்லாத கட்டடங்கள்.

அந்த "ஏதோ" என்ன என்று 1995இல் அதே சிகாகோவில் சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சனின் குழு அளந்து பார்த்தது. 343 குடியிருப்புப் பகுதிகள், 8,782 பேர். அவர்கள் கேட்ட கேள்விகள் எனக்கு மிகவும் பிடித்தவை. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பிள்ளைகள் தெருமுனையில் நின்றால் உங்கள் அக்கம்பக்கத்தார் ஏதாவது கேட்பார்களா? வாசலில் கைகலப்பு நடந்தால் யாராவது குறுக்கே வருவார்களா? இங்கே ஒருவரை ஒருவர் நம்பலாமா? இந்தக் கேள்விகளுக்கு ஆமாம் என்று பதில் வந்த இடங்களில் வன்முறை குறைவாக இருந்தது, வறுமையைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும். ஒரே அளவு ஏழைகளாக உள்ள இரண்டு தெருக்களில் ஒன்று அமைதியாகவும் மற்றொன்று கலவரமாகவும் இருப்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை. இந்தச் செயலியில் இப்படி ஒரு கேள்வியாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அக்கம்பக்கத்தாரை நம்பலாமா என்று கேட்காது, அக்கம்பக்கத்தாரைப் படம் பிடிக்கவா என்று கேட்கும்.

இனி மேப்பின் தொழில்நுட்பக் குறை. இதை ஒருத்தரும் விமர்சனங்களில் எழுதுவதில்லை. ஒரு பகுதி முழுவதையும் ஒரே நிறத்தில் அடிப்பதே தப்பு. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தைப் பற்றி 1989இல் வெளியான ஆய்வில், காவல்துறைக்கு வந்த அழைப்புகளில் பாதி, நகரத்தின் சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்து மட்டும் வந்தது தெரிந்தது. அதற்குப் பிறகு பல நகரங்களில் பார்த்ததிலும் இதே கதைதான், குற்றம் ஏரியா முழுக்கப் பரவிக் கிடப்பதில்லை, சில மூலைகளில் குவிந்து கிடக்கிறது. ரொம்பக் கெட்ட பேர் வாங்கிய ஏரியாவிலும் பெரும்பாலான தெருக்களில் ஒன்றும் நடப்பதில்லை.

இதை நானே சரிபார்த்தேன். ஆறாவது மாதம் துணிந்து அந்தப் பக்கம் போக ஆரம்பித்தேன் (துணிந்து என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது, சாலையைத்தானே கடந்தேன்). வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் வழி கேட்கப் போய்ப் பேச்சு வளர்ந்தது. செயலியைக் காட்டினேன். சிவப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுல எங்க வீடும் சேத்திதானா? நாப்பது வருசமா இருக்கேன் கண்ணு" என்றார். அப்புறம் விரல் நீட்டிச் சொன்னார்: பூட்டிக் கிடக்கும் அந்தப் பழைய கட்டடத்தின் பின்புறம், விளக்கு எரியாத அந்தத் திருப்பம், இந்த இரண்டும்தான் இருட்டியபின் ஆகாது, மற்றபடி எங்கே வேண்டுமானாலும் போ. ஒரு நிமிடத்தில், சந்தா இல்லாமல், செயலியைவிடத் துல்லியமான மேப்.

நோட்டிஃபிகேஷனுக்கு வருவோம். வருவதைத் தனியாக ஒரு மாதம் குறித்து வைத்தேன். பாதிக்கு மேல் "சந்தேகத்துக்குரிய நபர்". என்ன செய்தார் என்று பார்த்தால் நின்றார், நடந்தார், போனில் பேசினார், வீட்டு எண்ணைப் பார்த்தார். வீட்டு எண்ணைப் பார்க்காமல் பார்சல் எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை. மீதியில் பட்டாசா துப்பாக்கியா என்ற கேள்விகள், தொலைந்த பூனைகள், காரை யார் குறுக்கே நிறுத்தியது என்ற சண்டை. உண்மையான திருட்டு என்று பார்த்தால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

எனக்கு இந்தச் செயலி மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போனது ஒரு பையனால். பாட்டியின் பேரன். இரவு வேலைக்குப் போகிறவன், கம்பெனி வண்டி எங்கள் தெருமுனையில் வந்து ஏற்றிக்கொள்ளும் என்பதால் தினமும் ஒன்பது மணிவாக்கில் அங்கே நிற்பான். ஒரே வாரத்தில் மூன்று தடவை அவன் படம் செயலியில் வந்தது. மூன்றாவதன் கீழே "இவன் அந்தப் பக்கத்து ஆள்" என்று ஒருவர் எழுத, அதற்குப் பதினேழு லைக். தெரிந்த பையன்தான், வேலைக்குப் போக நிற்கிறான் என்று நான் எழுதினேன். அதற்கு இரண்டு லைக், ஒன்று நான் போட்டது. பதிவை நீக்கச் சொல்லி நிர்வாகத்துக்குப் புகார் கொடுத்தேன், "உங்கள் கருத்துக்கு நன்றி, இந்தப் பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை" என்று இயந்திரப் பதில் வந்தது. அதற்கப்புறம் பையன் வண்டிக்காக அந்த விளக்கெரியாத திருப்பத்தில் போய் நிற்க ஆரம்பித்தான். எங்கள் தெருவைப் பாதுகாத்துவிட்டோம்.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் உண்டு. அமெரிக்காவில் சிட்டிசன் என்ற செயலி, 2016இல் விஜிலான்ட்டி என்ற பெயரில் வந்து, ஆப்பிள் தன் கடையிலிருந்து தூக்கிய பிறகு பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. 2021 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் காட்டுத்தீ எரிந்தபோது, தீ வைத்தவர் இவர்தான் என்று ஒருவரின் படத்தைப் போட்டுப் பிடித்துக்கொடுத்தால் 30,000 டாலர் என்று அறிவித்தது. ஆள் தப்பு. அந்த மனிதருக்குத் தீயோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதைச் சரிசெய்ய முடியாது என்றும் இல்லை. அக்கம்பக்கத்தார் பதிவு போடும் நெக்ஸ்ட்டோர் என்ற அமெரிக்கச் செயலி 2016இல் பதிவுப் படிவத்தையே மாற்றியது. ஆளின் இனத்தை மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது, அவர் என்ன செய்தார், என்ன உடுத்தியிருந்தார் என்று சொன்னால்தான் பதிவு ஏறும். சோதனையில் இன அடையாளத்தை வைத்துக் குறிவைக்கும் பதிவுகள் 75 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனம் சொன்னது. நிறுவனமே சொல்லும் கணக்கு, கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், இருந்தாலும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டாலே பாதிப் பேர் எழுதாமல் போய்விடுவார்கள் என்பது உண்மைதான். நான் பயன்படுத்திய செயலியில் இரண்டு தட்டலில் ஒருவரைச் சந்தேக நபர் ஆக்கிவிடலாம். தொலைந்த நாய்க்குத்தான் படிவம் பெரியது: இனம், நிறம், வயது, கழுத்துப் பட்டை.

கேமரா பற்றிச் சுருக்கமாக. படம் தெளிவு, இரவிலும் பரவாயில்லை, மழை நாளில் தேவையில்லாமல் அலறும். என் சைக்கிள் திருடு போனது. கேமரா அழகாகப் பதிவு செய்திருந்தது, ஒரு தொப்பியையும் என் சைக்கிளின் பின்சக்கரத்தையும். 40 வருட ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வந்த ஒரு கட்டுரை, பொது இடக் கண்காணிப்புக் கேமராக்களால் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்தது என்கிறது. நல்ல பலன் வண்டி நிறுத்துமிடங்களில்தான், வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. வண்டி நிறுத்துமிடம் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். வீட்டுக்குள் மாட்டுவதற்கு முன் ஒன்று: ரிங் கேமரா நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் அந்தரங்க வீடியோக்களைப் பார்க்க முடிந்தது என்று 2023இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, 58 லட்சம் டாலரில் அது முடிந்தது. எங்கள் செயலியில் யார் பார்க்கிறார்கள் என்று நான் கேட்ட கேள்விக்கும் அதே இயந்திரப் பதில்தான்.

எனக்கு உண்மையாகவே ஆத்திரம் வந்தது வேறொரு விஷயத்தில். பாட்டி காட்டிய அந்தத் திருப்பத்து விளக்கைப் பற்றிப் புகார் செய்யலாம் என்று செயலியைத் திறந்தேன். சந்தேக நபர், திருட்டு, சத்தம், சேதம், செல்லப்பிராணி என்று வகைகள் இருக்கின்றன. எரியாத தெருவிளக்குக்கு வகை இல்லை. பாழடைந்த கட்டடத்துக்கு இல்லை. குப்பை மேடாகிவிட்ட காலி மனைக்கு இல்லை. ஆட்களைப் பற்றி மட்டும் புகார் செய்யலாம், இடத்தைப் பற்றிச் செய்ய முடியாது.

அங்கேதான் பலன் இருக்கிறது என்று பல வருடங்களாகச் சோதித்துச் சொல்லியாயிற்று. நியூயார்க்கில் 2016இல் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த அரசுக் குடியிருப்புகளில் பெரிய விளக்குகளை நிறுத்தினார்கள், இரவில் வெளியிடத்தில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. பிலடெல்பியாவில் 541 காலி மனைகளை எடுத்துச் சோதித்தார்கள். குப்பையை அள்ளி, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, தாழ்வாக ஒரு மரவேலி, அவ்வளவுதான். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. யாரையும் படம் பிடிக்கவில்லை, புல்தான் விதைத்தார்கள்! சிகாகோவில் 2012 கோடையில், வன்முறை மிகுந்த பகுதிகளின் பள்ளிகளில் படிக்கும் 1,634 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் பகுதிநேர வேலை கொடுத்தார்கள். அடுத்த 16 மாதங்களில் அவர்கள் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானது, வேலை கிடைக்காத பிள்ளைகளைவிட 43 சதவீதம் குறைவு. அந்தக் குறைவில் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகு வந்தது, ஆக வேலையில் மும்முரமாக இருந்ததால் சண்டைக்கு நேரம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

செயலி பக்கத்தினர் இதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று தெரியும்: நாங்கள் தகவல் மட்டும்தான் தருகிறோம். அந்தத் தகவலே கோணல் என்பதுதான் என் புகார். குற்றப் பதிவு என்பது நடந்த குற்றம் இல்லை, பதிவான குற்றம். அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் வன்முறைச் சம்பவங்களில் பாதிக்கும் குறைவானவைதான் காவல்துறையிடம் போகின்றன. எங்கே ரோந்து அதிகமோ அங்கே பதிவு அதிகம். லம், ஐசக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016இல் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரத்துப் போதைப்பொருள் குற்றப் பதிவுகளை, அடுத்த குற்றம் எங்கே நடக்கும் என்று கணிக்கும் ஒரு நிரலில் போட்டுப் பார்த்தார்கள். போதைப்பொருள் பயன்பாடு நகரம் முழுக்கப் பரவியிருப்பதாக வேறு மதிப்பீடு சொல்ல, நிரலோ ஏற்கெனவே அதிகம் கைது நடந்த ஏழைப் பகுதிகளுக்கே திரும்பத் திரும்பப் போகச் சொன்னது. போனால் இன்னும் நாலு பேர் பிடிபடுவார்கள், அதுவும் பதிவாகும், சிவப்பு இன்னும் கெட்டியாகும். சிவப்பைப் பார்த்து வாடகைக்கு வர ஆள் தயங்குவார், கடை போட நினைத்தவர் வேறு இடம் பார்ப்பார், பார்சல்காரர் இருட்டியபின் வர மாட்டேன் என்பார், முடிந்தவர் வெளியேறுவார், மிச்சமிருப்பவர்களுக்கு அக்கம்பக்கம் இன்னும் பழக்கமில்லாததாகும்.

அதற்காக அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பாதுகாப்பே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பேசியவர்களில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. கூப்பிட்டால் காவல்துறை உடனே வர வேண்டும், வந்தால் கூப்பிட்டவரையே குற்றவாளி மாதிரி விசாரிக்கக் கூடாது, இந்த இரண்டும்தான் எல்லோரும் கேட்டது. பாட்டியின் மருமகள் இதே செயலியை வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "நம்மளப் பத்தி என்ன எழுதறாங்கன்னு பாக்கத்தான்" என்றார்.

விளக்குக்கு என்ன ஆனது என்றால், இரண்டு பக்கமும் போய்க் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தோம். ஏழு வாரம் இழுத்தடித்து வந்து மாட்டினார்கள். கையெழுத்துக்காக அலைந்ததில் இருபது இருபத்தைந்து பேரின் போன் எண்கள் கைக்கு வந்தன, இப்போது ஏதாவது சத்தம் கேட்டால் நான் செயலியைத் திறப்பதில்லை, அந்தப் பக்கத்தில் யாருக்காவது போன் போடுகிறேன். செயலியில் மதிப்பெண் இன்றைக்கும் 34.

யாருக்கு இது உதவும்? வீட்டில் நாயோ பூனையோ இருப்பவர்களுக்கு. வைத்துக்கொள்வதாக இருந்தால் முதல் வேலையாக மேப்பின் நிற அடுக்கை அணைத்துவிடுங்கள், நோட்டிஃபிகேஷனை உங்கள் தெருவோடு நிறுத்துங்கள், கேமராவை இணைக்கும்போது "எல்லோருடனும் பகிர்" என்ற கட்டத்தில் டிக் முன்கூட்டியே போட்டிருப்பார்கள், அதை எடுத்துவிடுங்கள். வேண்டாம் என்று முடிவு செய்பவர்களுக்கு: செயலியை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது. கணக்கு, அமைப்புகள், உறுப்பினர் திட்டம் என்று மூன்று திரை உள்ளே போக வேண்டும், அங்கே கீழே சாம்பல் நிறத்தில் ரத்து என்று சின்னதாக இருக்கும். அதைத் தட்டினால் "உங்கள் ஏரியா பாதுகாப்பில்லாமல் போய்விடும், உறுதியா?" என்று கேட்கும், இரண்டு தடவை.